தாடி திருத்திக்கொள்ளும் ராஜா: குலேர் முதல் ஹரித்வார் வரை ஓர் ஓவியப் பயணம்

ராஜா உட்கார்ந்திருக்கிறார். நாவிதர் அவருடைய தாடியைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் படம்.

சிங்கத்தை வீழ்த்தும் காட்சி இல்லை, யானை மேல் பவனி இல்லை, காலடியில் விழுந்து கிடக்கும் எதிரியும் இல்லை. அரண்மனையில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு பொழுது. இன்று நாம் சலூனில் உட்கார்ந்திருப்பதை நண்பன் செல்போனில் க்ளிக் செய்வதுபோல, சுமார் 270 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஓவியர் தன் ராஜாவை வரைந்து வைத்திருக்கிறார்.

அந்த ராஜாவின் பெயர் பல்வந்த் சிங். ஜம்மு மலையடிவாரத்தில் இருந்த ஜஸ்ரோட்டா என்ற குட்டி அரசைச் சேர்ந்தவர். வரலாற்றுப் பாடப் புத்தகங்களில் தேடினால் இவர் பெயர் கிடைக்காது. பெரிய போரில் வென்றதாகவோ, பெரிய கோயில் கட்டியதாகவோ சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இவர் ஹுக்கா பிடித்ததும், பாட்டுக் கேட்டதும், குதிரை பார்த்ததும், குளிரில் போர்வைக்குள் சுருண்டதும் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. காரணம் ஒரே ஒரு மனிதர். அவர் பெயர் நைன்சுக். ‘கண்களுக்கு இன்பம்’ என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான்!

அந்த ஓவியரின் ஊரையும், அவர் கடைசியாக ராஜாவுக்குச் செய்த கடமை பதிவாகியிருக்கும் ஊரையும் இணைத்து ஒரு பயணம் போகலாம். தொடங்கவேண்டிய இடம், பஞ்சாபின் வடமூலையில் இருக்கும் பதான்கோட்.

கிணற்றில் விழுந்த அரசர்

பதான்கோட்டிலிருந்து காங்ரா பள்ளத்தாக்கு வழியாக ஜோகிந்தர்நகர் வரை 164 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய ரயில் பாதை போகிறது. 1929-ல் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்ட பாதை இது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி அகலம்தான். ஒரு பக்கம் தௌலாதார் பனிமலை, இன்னொரு பக்கம் வயலும் ஓடையுமாக மெதுவாக ஊர்ந்துபோகும் அந்த ரயில் நிற்கும் சின்ன ஸ்டேஷன்களில் ஒன்று, குலேர்.

ஊர் பிறந்த கதையே சினிமா மாதிரி இருக்கும். 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காங்ராவை ஆண்ட ஹரிசந்த் வேட்டைக்குப் போன இடத்தில், பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டார். உடன் வந்தவர்கள் தேடித் தேடிச் சலித்து, அரசர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். தம்பி கரம்சந்த் அரியணை ஏறினார். பல நாள்கள் கழித்து, அந்த வழியே வந்த வணிகர் ஒருவர் ஹரிசந்தை உயிரோடு தூக்கிவிட்டார். தம்பியோடு சண்டை போட்டு நாட்டைக் கேட்க ஹரிசந்த் விரும்பவில்லை. பாணகங்கை ஆற்றங்கரையில் புதிதாக ஓர் ஊரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார் என்கிறது செவிவழிக் கதை. அவர் பெயரால் ஹரிப்பூர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் குலேர்.

அண்ணன் விட்டுக்கொடுத்துப் பிறந்த இந்தச் சின்ன அரசுதான், பிற்காலத்தில் இந்திய ஓவியத்தின் தொட்டில்களில் ஒன்றாக ஆனது.

இன்று ஹரிப்பூரில் இடிந்த கோட்டையும், பழைய கோயில்களும் இருக்கின்றன. கோட்டைச் சுவர்களில் மரம் முளைத்திருக்கிறது. கீழே பார்த்தால் பரந்து கிடக்கும் தண்ணீர். பியாஸ் நதியின் குறுக்கே கட்டப்பட்டு 1974-ல் முடிந்த பொங் அணையின் நீர்த்தேக்கம் இது. அந்த அணைக்காக இந்த வட்டாரத்தின் வளமான வயல்களும் ஏராளமான கிராமங்களும் மூழ்கின. ரயில் பாதையையே ஜவான்வாலா ஷஹருக்கும் குலேருக்கும் இடையே மேட்டுப் பக்கமாக மாற்றிப் போட வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்து இந்த நீர்த்தேக்கத்தில் இறங்குகின்றன. பறவை பார்க்க வருபவர்களில் பலருக்கும், தாங்கள் நிற்பது ஓர் ஓவியப் பரம்பரையின் சொந்த மண் என்பது தெரியாது.

ஒரே வீட்டில் மூன்று மேதைகள்

குலேரில் பண்டிட் சேவு என்று ஓர் ஓவியர் இருந்தார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் மானகு. இளையவர் நைன்சுக், 1710-ஐ ஒட்டிப் பிறந்தவர். தச்சர் சமூகத்திலிருந்து ஓவியத்துக்கு வந்த குடும்பம் இது. தொழில் பழக்கம் எல்லாம் வீட்டுக்குள்தான். அப்பா கோடு போட, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

சிறுவர்களுக்கு முதலில் கிடைப்பது எடுபிடி வேலை. கல்லை அரைக்க வேண்டும். மலக்கைட் என்ற கல்லிலிருந்து பச்சை, விளக்குக் கரியிலிருந்து கறுப்பு, தங்கத் தகட்டிலிருந்து பொன்நிறம். காகிதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, ‘வாஸ்லி’ எனப்படும் தடித்த தாள் செய்ய வேண்டும். அதை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அணில் வால் முடியில் தூரிகை கட்ட வேண்டும். கண் இமையையும் தாடி முடியையும் வரையும் தூரிகையின் நுனி, ஒற்றை முடி அளவுக்குக் கூர்மையாக இருக்கும்.

அண்ணன் மானகு பழைய பாணியில் நின்றார். தகதகக்கும் சிவப்பு, மஞ்சள், அகன்ற கண்கள், தெய்வக் கதைகள். 1730-ல் அவர் வரைந்த கீதகோவிந்த ஓவிய வரிசை இன்றும் பெரிதாகப் பேசப்படுகிறது.

தம்பியின் கண் வேறு பக்கம் போனது. அப்போது டெல்லியில் முகலாய அரசு தளர்ந்துகொண்டிருந்தது. ஆனாலும், அங்கிருந்த ஓவியர்கள் மனித முகத்தை உள்ளபடியே வரைவதில் கைதேர்ந்தவர்கள். அந்த முறை மலை நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. நைன்சுக் அதைப் பிடித்துக்கொண்டார். இளம் வயதில் அவர் தன்னைத்தானே வரைந்த படம் ஒன்று உண்டு. கையில் தூரிகையோடு இருக்கும் இளைஞன். ஓவியர்கள் தங்கள் பெயரைக்கூட எழுதிவைக்காத காலத்தில், தன் முகத்தையே வரைந்து வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

இன்னொரு படத்தில் எக்காளம் ஊதும் கலைஞர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். நீண்ட குழல்கள் வானத்தை நோக்கி நீள, ஊதி ஊதி அவர்களின் கன்னங்கள் பந்துபோல உப்பியிருக்கின்றன. ஒருவர் முகம்போல இன்னொருவர் முகம் இல்லை. ராஜாவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பெயரில்லாத ஆள்களாக அவர்களைக் கடந்துபோகாமல், ஒவ்வொருவரையும் நின்று பார்த்திருக்கிறார் நைன்சுக்.

ஜஸ்ரோட்டாவில் இருபது வருடங்கள்

1740-ஐ ஒட்டி நைன்சுக் குலேரை விட்டுக் கிளம்பினார். போய்ச் சேர்ந்த இடம் ஜஸ்ரோட்டா. இன்று ஜம்மு காஷ்மீரின் கதுவா மாவட்டத்தில், உஜ் ஆற்றங்கரையில், செடிகொடி மூடிய மதில்களாக அந்தக் கோட்டை நிற்கிறது. அங்கேதான் பல்வந்த் சிங் அவருக்கு ஆதரவு தந்தார்.

அரசவை ஓவியர் என்றால் பொதுவாக என்ன வேலை? திருவிழா, ஊர்வலம், தர்பார், வேட்டை என அரசரைப் பெரிதாகக் காட்டும் நாள்களை வரைவது. நைன்சுக் அவற்றையும் வரைந்தார். ஆனால், அவற்றோடு நிற்கவில்லை.

ராஜா குதிரையைப் பார்வையிடுகிறார். ராஜா மாடத்தில் உட்கார்ந்து நடனம் பார்க்கிறார். ராஜா கூடாரத்தில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறார். ராஜா குளிருக்குப் போர்த்திக்கொண்டு நெருப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ராஜா தாடி திருத்திக்கொள்கிறார். இப்படி ஒரு மனிதரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து வரைந்த வரிசை, இந்திய ஓவியத்தில் மிக அரிது.

இவற்றில் ஒரு படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் உள்ள ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராஜா கையில் ஓர் ஓவியத்தைப் பிடித்துக் கூர்ந்து பார்க்கிறார். அவர் பார்ப்பது கிருஷ்ணரின் படம். இசைக் கலைஞர்கள் காத்திருக்கிறார்கள். ராஜாவுக்குப் பின்னால் ஒருவர் கைகூப்பியபடி பவ்யமாக இருக்கிறார். அவர்தான் நைன்சுக்! ‘என் படம் பிடித்திருக்கிறதா?’ என்று காத்திருக்கும் அந்த நிமிடத்தையே படமாக்கிவிட்டார். பரீட்சைப் பேப்பரை ஆசிரியர் திருத்தும்போது பக்கத்தில் நின்ற எவருக்கும் அந்த முகம் புரியும்.

படத்தின் பெரும் பகுதி வெறுமையாக இருப்பது நைன்சுக்கின் பழக்கம். வெளிர் நிறச் சுவர், ஒரு விரிப்பு, நாலைந்து மனிதர்கள். அந்த வெற்றிடத்தில்தான் அரண்மனையின் அமைதி கேட்கிறது. சாமரம் வீசுபவரின் சலிப்பும், பாடுபவர் காதில் கைவைத்து ஸ்வரம் பிடிப்பதும் கண்ணில் படும். இவர்கள் யாரும் கவனிக்கப்பட வேண்டியவர்கள் என்று அந்தக் காலத்து அரசவைக் கவிகள்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

ராஜாவின் பெருமையையும் இங்கே சொல்ல வேண்டும். குளிரில் சுருண்டு, அலங்காரமில்லாமல் இருக்கும் தன்னை வரைய ஓர் அரசர் அனுமதிப்பது சாதாரண விஷயமா? நம்மில் எத்தனை பேர், தலை சீவாத போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட விடுவோம்? தன்னை எந்த நிலையிலும் பார்க்கலாம் என்று ஓவியருக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார் பல்வந்த் சிங். இந்தப் படங்கள் அந்த நம்பிக்கையின் பலன்.

ஒரு யாழ்ப்பாணத் தமிழரின் மகன்

மலைநாட்டு அரசுகள் ஒவ்வொன்றாக மறைந்த பிறகு, இந்த ஓவியங்கள் பெட்டிகளுக்குள் முடங்கின. ‘இதெல்லாம் முகலாய ஓவியத்தின் ஒரு கிளை’ என்றே பலரும் நினைத்தார்கள். அது தனி மரபு என்று உலகுக்கு எடுத்துச் சொன்ன நூல் 1916-ல் வெளிவந்தது. எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கையின் புகழ்பெற்ற தமிழர் சர் முத்துக்குமாரசுவாமியின் மகன். ராஜஸ்தான் ஓவியங்களையும், ‘பஹாரி’ எனப்படும் மலைநாட்டு ஓவியங்களையும் சேர்த்து ‘ராஜபுத்திர ஓவியம்’ என்று அவர் பெயரிட்டார். அவர் சேர்த்த ஓவியங்களில் பெரும் தொகுதி அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவரும் அங்கேயே பணியாற்றினார்.

அப்போதும் ஒரு சிக்கல் தீரவில்லை. ‘குலேர் பாணி’, ‘பசோலி பாணி’, ‘காங்ரா பாணி’ என்று அரசுகளின் பெயரால் ஓவியங்களைப் பிரித்தார்கள். வரைந்த ஆள் யார்? அந்தக் கேள்விக்குப் பதில் இருந்த இடம் அருங்காட்சியகம் இல்லை, ஹரித்வார்!

பண்டாக்களின் நோட்டு

ஹரித்வாரில் குடும்பத்தில் ஒருவரின் அஸ்தியைக் கரைக்கப் போனால், ‘எந்த ஊர், என்ன குலம்?’ என்று கேட்டபடி ஒரு பண்டா வருவார். நீங்கள் ஊரைச் சொன்னதும், அந்த வட்டாரத்துக்கு உரிய பண்டாவிடம் அழைத்துப் போவார்கள். அவர் நீளமான ‘பஹி’ ஒன்றை விரிப்பார். அதில் உங்கள் தாத்தா வந்தது, அவருடைய அப்பா வந்தது, யாருடைய அஸ்தியோடு வந்தார்கள் என்பதெல்லாம் அவரவர் கையெழுத்தில் இருக்கும். பல தலைமுறைகளின் குடும்ப மரம்.

சண்டிகரில் கலை வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பி.என்.கோஸ்வாமிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஐ.ஏ.எஸ் வேலையில் சேர்ந்து, இரண்டே வருடங்களில் அதை உதறிவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பியவர் அவர். ‘ஓவியர்களும் மனிதர்கள்தானே? அவர்கள் வீட்டிலும் சாவு நடந்திருக்கும். அவர்களும் கங்கைக்குப் போயிருப்பார்கள். அப்படியென்றால் பஹியில் பெயர் இருக்குமே!’

பண்டாக்களின் வீடு வீடாகப் போனார். கட்டுக்கட்டாகப் புரட்டினார். குலேர் ஓவியர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சேவு, மானகு, நைன்சுக், அவர்களின் பிள்ளைகள், பேரர்கள். வெவ்வேறு அரசுகளில் வேலை பார்த்தாலும் ஒரே குடும்பம், ஒரே கை வாகு. ‘பாணி என்பது அரசைச் சேர்ந்ததில்லை, குடும்பத்தைச் சேர்ந்தது’ என்று 1968-ல் அவர் எழுதிய கட்டுரை, இந்திய ஓவிய வரலாற்றைப் படிக்கும் முறையையே மாற்றியது. 2023 நவம்பரில் 90 வயதில் அவர் மறையும்வரை, நைன்சுக்கின் பெயரைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது என்ற அளவுக்கு இருவரும் இணைந்துவிட்டார்கள்.

அந்தப் பதிவேடுகளில் ஒரு பக்கம் 1763-ம் ஆண்டைச் சேர்ந்தது. பல்வந்த் சிங் அந்த வருடம் இறந்துபோனார். அவருடைய அஸ்தியோடு ஹரித்வார் வந்தவர்களில் நைன்சுக்கும் ஒருவர். பண்டாவின் நோட்டில் தன் கையாலேயே குடும்ப விவரங்களை எழுதினார். எழுதியதோடு விடவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு கோட்டோவியத்தையும் வரைந்து வைத்தார்.

சம்பளம் தந்த முதலாளிக்காக வரைந்த படங்கள் ஏராளம். இந்த ஒன்றை வரையச் சொல்ல அந்த முதலாளி உயிரோடு இல்லை.

மிச்சம் இருப்பது

அதன் பிறகு நைன்சுக் பசோலி அரசர் அம்ரித் பாலிடம் போய்ச் சேர்ந்தார். 1778-ல் காலமானார். அண்ணன் பிள்ளைகளும் அவருடைய பிள்ளைகளும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. காங்ராவின் ராஜா சன்சார் சந்த் காலத்தில் பூத்த, உலகம் முழுக்கப் பெயர் பெற்ற காங்ரா ஓவியங்களுக்கு இந்தக் குடும்பத்தின் கைதான் பெரும் பலம்.

காங்ரா கோட்டை 1905 ஏப்ரல் 4-ம் தேதி பூகம்பத்தில் நொறுங்கியது. ஜஸ்ரோட்டா பாழடைந்தது. குலேரின் வயல்களைத் தண்ணீர் மூடியது. 1947-ல் தேசம் பிரிந்தபோது லாகூர் அருங்காட்சியகத்தின் பொருள்களே 60-க்கு 40 என்று பங்கு போடப்பட்டன. மானகுவின் கீதகோவிந்தப் படங்கள்கூட இரண்டாகப் பிரிந்தன. ஒரு பங்கு லாகூரில், ஒரு பங்கு இன்று சண்டிகரில். பல்வந்த் சிங்கின் படங்களில் பல லண்டனிலும் சூரிக்கிலும் இருக்கின்றன.

கல்லால் கட்டியவை எல்லாம் இடிந்துவிட்டன. ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தின் அளவே உள்ள தாள்கள் மட்டும் பிழைத்திருக்கின்றன. அவற்றில், நாவிதர் கைவேலையை முடிக்கட்டும் என்று ஒரு ராஜா இன்னும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்.

தர்மசாலாவிலும் சுற்றுவட்டாரத்திலும் சில இளைஞர்கள் இன்றும் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். தாளை மெருகேற்றுகிறார்கள், கல்லை அரைக்கிறார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றை முடித் தூரிகையால் ஒரு கண் இமையை இழுக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் ஐந்து நிமிடம் சத்தம் போடாமல் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். நைன்சுக்கின் வீட்டுத் திண்ணைக்கே போய்வந்ததுபோல இருக்கும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* எப்படிப் போவது? டெல்லியிலிருந்து பதான்கோட்டுக்கு ரயில்கள் உண்டு. 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில், பதான்கோட்டை அடுத்த சக்கி ஆற்றின் ரயில் பாலம் இடிந்துவிழுந்தது. அதனால் காங்ரா பள்ளத்தாக்கு ரயில் எந்த ஸ்டேஷனிலிருந்து ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சாலை வழியாகவும் குலேர், ஹரிப்பூர் போகலாம்.
* என்ன பார்ப்பது? ஹரிப்பூர் கோட்டை, பொங் நீர்த்தேக்கம், ஒற்றைப் பாறையைக் குடைந்த மஸ்ரூர் கோயில், காங்ரா கோட்டை. ஓவியங்களுக்கு தர்மசாலாவின் காங்ரா கலை அருங்காட்சியகம், 1908-ல் தொடங்கிய சம்பா பூரி சிங் அருங்காட்சியகம். எல்லாவற்றுக்கும் மேலாக, சண்டிகர் 10-வது செக்டாரில் உள்ள அரசு அருங்காட்சியகம். பஹாரி ஓவியங்களின் மிக முக்கியமான தொகுப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது.
* எப்போது போவது? அக்டோபர் முதல் மார்ச் வரை. பறவைகளையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் இந்த மலைப்பாதைகளைத் தவிர்ப்பது உத்தமம்.
* எப்படிப் பார்ப்பது? சிற்றோவியம் கையில் பிடித்துப் பார்ப்பதற்காக வரையப்பட்டது. கண்ணாடிக்கு முடிந்தவரை அருகில் போங்கள். ராஜாவைப் பார்த்து முடித்ததும் நகர்ந்துவிடாமல், அவருக்குப் பின்னால் நிற்பவரின் முகத்தையும் பாருங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால், ‘இவங்கள்ல யாருக்கு போர் அடிக்குது, கண்டுபிடி’ என்று கேளுங்கள். அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.